உள்ள ஒண்ணுமே இல்லாத வைரஸ்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான ஹெச்.பி.வி. தடுப்பூசி பத்தி எழுதும்போது, "இந்த ஊசியில இருக்கறது வைரஸ் இல்ல, வைரஸோட வெறும் ஓடுதான், அதையும் ஈஸ்ட்லயோ பூச்சி செல்லுலயோ வளர்த்து எடுக்கறாங்க"ன்னு ஒரு வரி போட்டிருந்தேன். வந்த கடிதம், மெயில், வாட்ஸ்அப் எல்லாமே அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டுதான் வந்திருக்கு. அதனால இந்த தடவை பக்கம் முழுக்க அதுக்கே.

அக்கா, என் பொண்ணுக்கு 13 வயசு. ஹெச்.பி.வி. ஊசி போடலாம்னு டாக்டர் சொல்றாங்க. அதுல "வைரஸ் போன்ற துகள்" இருக்குன்னு படிச்சேன். வைரஸ் மாதிரின்னா, எப்பவாவது உள்ள போய் நிஜ வைரஸா மாறிடாதா? பயமா இருக்கு.
– ஒரு அம்மா, மதுரை

மாறாது சகோதரி. "வாய்ப்பு கம்மி"ன்னு சமாதானம் சொல்லல, மாறறதுக்கு வழியே இல்லைன்னு சொல்றேன். ஹெச்.பி.வி. வைரஸை எடுத்துக்கிட்டா அதுல இருக்கறது ரெண்டே பொருள்தான், உள்ள ஜீன், அதைச் சுத்தி புரோட்டீன் ஓடு. பெருகறது, செல்லைக் கெடுக்கறது, புற்றுநோய் வரைக்கும் இழுத்துட்டுப் போறது எல்லாம் அந்த ஜீனோட வேலை. தடுப்பூசிக்கு என்ன பண்றாங்கன்னா, ஓட்டைச் செய்யற ஜீனை மட்டும் (எல்1ன்னு பேர்) தனியா ஈஸ்ட் செல்லுக்குள்ள வைக்கறாங்க, ஈஸ்ட் அதைப் படிச்சு எல்1 புரோட்டீனை செஞ்சு குவிக்குது, அந்த புரோட்டீன் அஞ்சஞ்சா சேர்ந்து ஒரு கொத்து ஆகுது, அப்படி 72 கொத்து ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கிட்டு உருண்டையா நிக்குது, மொத்தம் 360 எல்1. யாரும் உக்காந்து கோக்கறதில்ல, சரியான உப்பு, சரியான பி.ஹெச். இருந்தா அதுவே சேர்ந்துக்கும். குறுக்களவு சுமார் 55 நானோமீட்டர், ஒரு மில்லிமீட்டர் நீளத்துல கிட்டத்தட்ட 18,000 உருண்டையை வரிசையா அடுக்கலாம்.

பதர் நெல்லைப் பார்த்திருப்பீங்க. வெளிய பார்த்தா நெல்லுதான், உள்ள அரிசி கிடையாது, எத்தனை போகம் விதைச்சாலும் முளைக்காது. இந்த உருண்டையும் அப்படித்தான். ஆனா நம்ம உடம்போட நோய் எதிர்ப்பு செல்லுங்க வெளிய இருக்கற வடிவத்தைத்தான் பார்க்குது, அதுவும் ஒரே வடிவம் நெருக்க நெருக்கமா திரும்பத் திரும்ப வரும்போது "இது வைரஸ்தான்"னு உறுதியா முடிவு பண்ணி பலமா ஆன்டிபாடி செய்யுது. தனித்தனியா மிதக்கற எல்1 புரோட்டீனைக் கொடுத்தா இந்த அளவு பலன் வராது, உருண்டையா இருக்கறதுதான் விஷயமே.

முழு வைரஸையே வளர்த்து கொன்னு போட்டிருக்கலாமேன்னு தோணலாம். ஹெச்.பி.வி. சாதாரண செல் கல்ச்சர்ல வளராது, அதுக்கு தோல் அடுக்கடுக்கா முதிர்ந்து வரணும், கடைசி மேல் அடுக்குலதான் ஓடே உருவாகும். அதோட அதுல இ6, இ7ன்னு புற்றுநோயைத் தூண்டற ஜீன் ரெண்டு இருக்கு, அதை ஆரோக்கியமான பிள்ளைங்களுக்கு ஊசியில ஏத்தறதை யாரும் ஒத்துக்க மாட்டாங்க. வெறும் ஓடுன்னு முடிவானதுக்கே அதுதான் காரணம்.

நம்ம நாட்டுல வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் புதுசா வருது. 9 வயசுல இருந்து 14க்குள்ள போட்டாதான் பலன் அதிகம். தயவுசெஞ்சு தள்ளிப் போடாம போட்டுடுங்க. நீங்களும் 30 வயசு தாண்டியிருந்தா பரிசோதனை பண்ணிக்குங்க, ஏற்கனவே ஒட்டிக்கிட்ட வைரஸை இந்த ஊசி எடுக்காது.

மக்காச்சோளம் போடறவன் நான். 2018ல படைப்புழு வந்து குருத்தைத் தின்னு தீர்த்துடுச்சு. இப்ப என் பையன் சொல்றான், அந்தப் புழுவோட செல்லுல தடுப்பூசி செய்றாங்களாம். நம்பற மாதிரி இல்லையே?
– ஒரு விவசாயி, பெரம்பலூர் மாவட்டம்

நிஜம்தாண்ணே, தம்பி சரியாத்தான் சொல்லியிருக்கார். அந்தப் புழுவோட அறிவியல் பேர் ஸ்போடாப்டெரா ஃப்ருஜிபெர்டா. அமெரிக்காவுல 1977லயே அதோட கூட்டுப்புழுவுல இருந்து சினைப்பைத் திசுவை எடுத்து கண்ணாடிக் குப்பியில வளர வச்சாங்க, அதுல இருந்து பிரிச்ச ஒரு வம்சத்துக்கு எஸ்.எஃப்.9ன்னு பேர். இன்னிக்கு உலகத்துல வைராலஜி லேப் எங்க போனாலும் அந்த செல் இருக்கும். உங்க வயலுக்கு அந்தப் புழு 2018ல வந்தது, லேபுக்கு அது 40 வருஷம் முன்னாடியே வந்துடுச்சு.

இதுல இன்னொரு விஷயம் உங்களுக்குத்தான் நல்லா புரியும். என்.பி.வி. கரைசல் தெரியும்ல? பச்சைக்காய்ப்புழுவுக்கும் புரோடீனியாவுக்கும் சாயங்கால நேரத்துல வெல்லம் கலந்து தெளிக்கச் சொல்வாங்களே, சில நாள்ல புழு சாப்பிடறதை நிறுத்தி, செடி உச்சியில ஏறி, தலைகீழா தொங்கி, உள்ள எல்லாம் கரைஞ்சு செத்துப் போகுமே, அந்த என்.பி.வி. பாக்குலோவைரஸ் குடும்பம். தடுப்பூசி லேப்ல பயன்படற வைரஸும் அதே குடும்பம்தான், வேற ஒரு புழுவுல இருந்து எடுத்தது. அந்த வைரஸ் வெயிலு, மழை, மண்ணு எல்லாம் தாங்கறதுக்காக தன்னைச் சுத்தி கல்லு மாதிரி படிகம் கட்டிக்கும், அந்தப் படிகம் பாலிஹெட்ரின்னு ஒரு புரோட்டீன். செத்த புழுவை நசுக்கினா அதுல பாதி இதுவாத்தான் இருக்கும்னு சொல்ற அளவுக்கு அதைச் செஞ்சு தள்ளும், அவ்வளவு வேகமான உத்தரவு அந்த ஜீனுக்கு முன்னாடி எழுதியிருக்கு.

1980களோட தொடக்கத்துல டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துல மேக்ஸ் சம்மர்ஸ், கேல் ஸ்மித்னு ரெண்டு பேர் யோசிச்சாங்க. வயல்ல உயிர் பிழைக்கத்தான் படிகம் வேணும், லேப்ல குப்பிக்குள்ள இருக்கற வைரஸுக்கு எதுக்கு படிகம்? அந்த ஜீனை வெட்டிட்டு, அந்த வேகமான உத்தரவுக்குப் பின்னாடி நமக்கு வேண்டிய ஜீனை வச்சா, பூச்சி செல் படிகத்துக்குப் பதிலா நம்ம புரோட்டீனை அள்ளி அள்ளி செய்யும்ல? செஞ்சது. 1983ல அதை வெளியிட்டாங்க. இப்ப அந்த இடத்துல ஹெச்.பி.வி.யோட எல்1ஐ வச்சா, மூணு நாலு நாள்ல செல்லுக்குள்ள வெறும் ஓட்டு உருண்டை நிரம்பிடும். செர்வாரிக்ஸ்ங்கற ஹெச்.பி.வி. ஊசி இந்த வழியில செஞ்சதுதான், அதுக்கு உபயோகிச்சது முட்டைக்கோஸைத் தின்னற ஒரு பச்சைப்புழு வகையோட செல். நேரா உங்க படைப்புழு செல்லுல செஞ்சது நோவாவேக்ஸ் கொரோனா ஊசி, நம்ம நாட்டுல சீரம் இன்ஸ்டிட்யூட் அதை கோவோவேக்ஸ்னு செஞ்சாங்க. அது முழு ஓடு இல்ல, கொரோனாவோட முள் புரோட்டீன் கொத்து கொத்தா சேர்ந்த துகள்.

பூச்சி செல்லுக்கு 27 டிகிரி சூடு போதும், மனுஷ செல், மிருக செல்லுக்குத் தர்ற மாதிரி கார்பன் டை ஆக்சைடு தரவேண்டாம், தண்ணில மிதந்தபடியே வளரும். அப்புறம் பாக்குலோவைரஸ் பூச்சி இனத்தோட நிக்கற வைரஸ், மனுஷனுக்குத் தொத்தாது. நீங்க இத்தனை வருஷம் கையில தெளிச்சிருக்கீங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே, அதுக்கும் காரணம் அதுதான்.

உங்க வயலை அழிச்ச புழு மேல இருக்கற கோவம் இதனால குறையணும்னு நான் சொல்லல. குருத்துல மருந்து வைக்கறது, இனக்கவர்ச்சிப் பொறி வைக்கறது எல்லாம் விடாம செய்யுங்கண்ணே.

பூச்சி செல்லுல செஞ்ச ஊசின்னா நாங்க சுத்த சைவம், போட்டுக்கலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

உங்க நம்பிக்கையை மதிச்சே சொல்றேன் அம்மா. கார்டசில்ங்கற ஹெச்.பி.வி. ஊசியும், 2023 ஜனவரியில சீரம் இன்ஸ்டிட்யூட் கொண்டுவந்த செர்வாவேக்கும் ஈஸ்ட்ல செஞ்சது. கார்டசிலுக்கு பிரெட்டுக்குப் போடற அதே ஈஸ்ட் இனம், செர்வாவேக்குக்கு வேற ஒரு ஈஸ்ட் வகை. டாக்டர்கிட்ட பிராண்ட் பேரைக் கேட்டுக்குங்க, அவ்வளவுதான்.

ஐயா/அம்மா, ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் நான். வைரஸே இல்லாத வைரஸ் ஓட்டைத் தடுப்பூசியாக்கலாம் என்ற யோசனை முதலில் எப்படி வந்தது?
– ஓர் ஆசிரியர், தஞ்சாவூர்

ரொம்ப நல்ல கேள்வி சார், ஏன்னா யோசனையை முதல்ல கொடுத்ததே வைரஸ்தான். கல்லீரலைத் தாக்கற ஹெபடைடிஸ் பி கிருமி ஒரு விசித்திரமான காரியம் செய்யுது. அது தொத்தினவங்க ரத்தத்துல முழு வைரஸ் இருக்கும், 42 நானோமீட்டர். அதோட சேர்த்து, உள்ள ஜீனே இல்லாத வெறும் உறை உருண்டை, 22 நானோமீட்டர், ஆயிரம் மடங்குக்கும் மேல மிதக்கும். எதுக்கு அவ்வளவு செய்யுதுன்னா, நம்ம ஆன்டிபாடியை எல்லாம் வெறும் உருண்டை மேல வீணாக்கிட்டு முழு வைரஸ் தப்பிச்சுக்கத்தான்னு பலர் நினைக்கறாங்க.

பாரூக் ப்ளம்பெர்க்ங்கறவர் 1960கள்ல வேற எதையோ தேடிக்கிட்டிருந்தார், பல நாட்டு மக்களோட ரத்தத்துல இருக்கற புரோட்டீன் வித்தியாசங்களை. ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருத்தரோட ரத்தத்துல இருந்த ஏதோ ஒண்ணு, அமெரிக்காவுல அடிக்கடி ரத்தம் ஏத்திக்கிட்ட நோயாளியோட ஆன்டிபாடியோட ஒட்டிக்கிட்டு, சோதனை ஜெல்லுல கோடா படிஞ்சது. "ஆஸ்திரேலியா ஆன்டிஜென்"னு பேர் வச்சு 1965ல எழுதினார். அது ஹெபடைடிஸ் பியோட உறைன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. 1976ல நோபல் கிடைச்சது.

அப்ப ஒரு சிக்கல். இந்த வைரஸை லேப்ல வளர்க்க முடியல. மெர்க் கம்பெனியில மாரிஸ் ஹில்மன் துணிஞ்சு ஒரு வழி எடுத்தார், நோய் சுமக்கறவங்களோட ரத்த பிளாஸ்மாவையே வாங்கி, அதுல இருந்து 22 நானோமீட்டர் உருண்டையை மட்டும் பிரிச்சு, பெப்சின், யூரியா, ஃபார்மலின்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டு, உயிருள்ள எதுவும் மிஞ்சாதபடி செஞ்சார். 1981ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. நல்லா வேலை செஞ்சது, ஆனா அதே நேரத்துலதான் எய்ட்ஸ் வெளிய தெரிய வந்தது, மனுஷ ரத்தத்துல செஞ்ச ஊசின்னா ஜனங்க தயங்கினாங்க, பிளாஸ்மாவும் எவ்வளவுதான் கிடைக்கும்.

அதுக்குள்ள 1982ல அந்த உறைப் புரோட்டீனோட ஜீனை ஈஸ்ட்ல வச்சு, அங்கயும் அதே மாதிரி உருண்டை உருவாகுதுன்னு வலென்சுவேலா, ரட்டர், ஹால் குழு காட்டிட்டாங்க. 1986ல ஈஸ்ட்ல செஞ்ச ஹெபடைடிஸ் பி ஊசிக்கு அனுமதி. ஜீன் மாத்தி செஞ்ச முதல் மனுஷத் தடுப்பூசி அது. ரத்தம் வேண்டாம், நோயாளி வேண்டாம், ஃபெர்மென்டர் தொட்டி போதும்னு ஆச்சு. நம்ம பக்கம் 1997ல ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் வேற ஒரு ஈஸ்ட்ல இதையே செஞ்சு, இறக்குமதி விலையை உடைச்சாங்க. இன்னிக்கு அரசு மருத்துவமனையில பொறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள்ள இலவசமா போடறதுக்கு, அந்த விலை உடைஞ்சதுக்கும் பங்கு உண்டுன்னு நான் உறுதியா நம்பறேன்.

இன்னொண்ணு சார், அந்த 22 நானோமீட்டர் உருண்டை மேலயே வேற நோயோட துண்டையும் ஒட்ட வைக்கலாம்னு 1987லயே ஆரம்பிச்சாங்க. மலேரியா கிருமியோட புரோட்டீன் துண்டை ஹெபடைடிஸ் உறையோட சேர்த்து செஞ்சதுதான் ஆர்.டி.எஸ்.,எஸ்., 2021ல ஆப்பிரிக்கக் குழந்தைங்களுக்குப் போடலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அதே வழியில ஆக்ஸ்ஃபோர்ட் வடிவமைச்சு புனேயில சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரிக்கற ஆர்21க்கு 2023ல பரிந்துரை கிடைச்சது.

மேடம், லேப் டெக்னீசியனா இருக்கேன். ஒரு நர்சிங் மாணவிக்கு ஹெபடைடிஸ் பி ஊசி போட்டு அஞ்சு நாள் கழிச்சு ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. டெஸ்ட் பார்த்தோம், லேசா பாசிட்டிவ். பொண்ணு அழுதுட்டு இருக்கு. ஊசியால நோய் வந்துடுச்சா? அப்புறம், டெஸ்ட் கிட்லயும் இந்தத் துகள் இருக்குன்னு சொல்றாங்களே?
– ஒரு டெக்னீசியன், திருநெல்வேலி

தம்பி, முதல்ல அந்தப் பொண்ணுகிட்ட போய் சொல்லுங்க, ஊசியால நோய் வரலை. ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி.ன்னு நீங்க தேடற பொருளும் ஊசியில இருக்கற பொருளும் ஒண்ணுதான், அந்த உறை உருண்டை. கையில போட்டது ரத்தத்துல கொஞ்ச நாள் சுத்தும், 18 நாள் வரைக்கும் கூட டெஸ்ட்ல காட்டலாம். சில வாரம் விட்டு திரும்பப் பாருங்க. கூடவே ஆன்டி ஹெச்.பி.சி. பாருங்க, அதாவது வைரஸோட உள் ஓட்டுக்கு எதிரான ஆன்டிபாடி. ஊசியில உள் ஓடு கிடையவே கிடையாது, அதனால ஊசி மட்டும் போட்டவங்களுக்கு அது நெகட்டிவாத்தான் இருக்கும், நிஜ நோய் தொத்தினவங்களுக்கு பாசிட்டிவ் வரும். ஒரு பாகத்தை மட்டும் ஊசியில வச்சதால இப்படி ஒரு வசதி. மூணு டோஸும் முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல ஆன்டி ஹெச்.பி.எஸ். (உறைக்கு எதிரான ஆன்டிபாடி) பாருங்க, 10 யூனிட்டுக்கு மேல இருந்தா பாதுகாப்பு வந்துடுச்சு. ஆஸ்பத்திரில வேலை பார்க்கறவங்க கட்டாயம் பார்க்கணும். ஊசி போட்ட கையோட ஸ்கிரீனிங் வைக்காதீங்க, ஒரு பிள்ளை தேவையில்லாம அழுதிருக்கு.

கிட் விஷயம். நோயாளி ரத்தத்துல ஆன்டிபாடி இருக்கான்னு எலைசாங்கற சோதனையில பார்க்க, தட்டோட குழியில வைரஸோட பாகம் ஏதாவது ஒட்டி வைக்கணும் இல்லையா? முன்னாடி கொசுவால வர்ற பல வைரஸுக்கு, பால்குடி மறக்காத எலிக்குட்டியோட மூளையில உயிருள்ள வைரஸை வளர்த்து, அரைச்சு, செயலிழக்க வச்சு எடுப்பாங்க. எலிக்குட்டிக்கும் கொடுமை, செய்யறவங்களுக்கும் ஆபத்து, ஒரு பேட்ச் மாதிரி அடுத்த பேட்ச் வராது. அமெரிக்க அரசோட நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.யோட ஃபோர்ட் காலின்ஸ் லேப்ல, ஜப்பான் மூளைக்காய்ச்சல், வெஸ்ட் நைல், டெங்கு மாதிரி வைரஸ்ல பி.ஆர்.எம்., இ-ன்னு ரெண்டே ரெண்டு புரோட்டீனோட ஜீனை மட்டும் குரங்கு சிறுநீரக செல்லுல வச்சா, செல் தானாவே சின்ன உருண்டையா செஞ்சு வெளிய விடும்னு கண்டுபிடிச்சு, அதையே டெஸ்ட்டுக்கான ஆன்டிஜெனா மாத்தினாங்க. அந்தக் குப்பியைக் கீழ போட்டு உடைச்சாலும் யாருக்கும் காய்ச்சல் வராது.

டெங்குல உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு தலைவலி இருக்கு, ஒரு வகைக்கு வந்த ஆன்டிபாடி இன்னொரு வகையோடயும், சில சமயம் மூளைக்காய்ச்சல் வைரஸோடயும் ஒட்டிக்கிட்டு தப்பா பாசிட்டிவ் காட்டும். இந்த உருண்டையில எல்லா வகைக்கும் பொதுவா இருக்கற அந்த ஒரு பகுதியை மட்டும் ஜீன்லயே மாத்தி எழுதி, பொது ஆன்டிபாடி ஒட்டாதபடி செய்ய முடியுது. எலி மூளையில வளர்ந்த வைரஸ்ல இப்படிக் கை வைக்க முடியாது, ஏன்னா அந்தப் பகுதி இல்லாம வைரஸே பிழைக்காது. வெறும் ஓட்டுக்குப் பிழைக்க வேண்டிய அவசியமே இல்ல.

நோரோவைரஸ் கதையும் தெரிஞ்சுக்குங்க. வாந்தி பேதி வர வைக்கறது, 1968ல ஒஹையோவுல நார்வாக்ங்கற ஊர் ஸ்கூல்ல பரவினப்போ கிடைச்ச பேர். மனுஷ நோரோவைரஸை லேப்ல ஒழுங்கா வளர்க்கவே 2016 வரைக்கும் ஆச்சு, அதுவும் குடல் திசுவை குட்டி உறுப்பு மாதிரி வளர்த்து அதுல. ஆனா மேரி எஸ்டிஸ் குழு 1992லயே பூச்சி செல்லுல அதோட ஓட்டைச் செஞ்சுட்டாங்க. வளர்க்க முடியாத வைரஸுக்கு அத்தனை வருஷம் ஆன்டிஜென் கொடுத்தது இந்த வெறும் ஓடுதான்.

பி.சி.ஆர். பண்றீங்கன்னா அங்கயும் இருக்கு. எம்.எஸ்.2ங்கற பாக்டீரியா வைரஸோட ஓட்டுக்குள்ள, தேடற வைரஸோட ஆர்.என்.ஏ. துண்டு கொஞ்சத்தை மட்டும் அடைச்சு, சோதனை சரியா ஓடுதான்னு பார்க்கற கன்ட்ரோலா தருவாங்க. வெறும் ஆர்.என்.ஏ.ன்னா வழியிலயே கரைஞ்சுடும், ஓட்டுக்குள்ள இருந்தா தாங்கும், மாதிரியில இருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரிக்கற எக்ஸ்ட்ராக்‌ஷன் ஒழுங்கா நடந்துச்சான்னும் சேர்த்துக் காட்டும்.

மஞ்சள்காமாலைக்கு கீழாநெல்லி இருக்கும்போது ஊசி எதுக்கு?
– ஒரு வாசகர், சேலம்

கீழாநெல்லியை யாரும் சும்மா ஒதுக்கல. சென்னைப் பல்கலைக்கழகத்துல தியாகராஜன் குழு, மேல சொன்ன அதே ப்ளம்பெர்கோட சேர்ந்து, ஹெபடைடிஸ் பி சுமக்கறவங்களுக்கு கீழாநெல்லி கொடுத்து, ரத்தத்துல அந்த உறை உருண்டை மறையுதான்னு பார்த்து 1988ல லான்செட்ல எழுதினாங்க. அதுல நம்பிக்கை தர்ற முடிவு வந்தது. பின்னாடி மத்த நாடுகள்ல செஞ்ச ஆய்வுல அந்தப் பலன் வரலை. எப்படி இருந்தாலும் அது வந்த பிறகு தர்ற மருந்து பத்தின கேள்வி, ஊசி வராம தடுக்கறது. ஏற்கனவே தொத்தியிருந்தா அரசு மருத்துவமனையில தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் திட்டத்துல இலவசமா மாத்திரை தர்றாங்க, அதை விட்டுட்டு வேற எதையும் நம்பி வருஷத்தைக் கடத்தாதீங்க, கல்லீரல் சத்தமில்லாம சுருங்கிடும்.

அக்கா, எம்.எஸ்சி. பயோடெக் பண்றேன். ப்ராஜெக்ட்ல பூச்சி செல்லுல ஒரு வைரஸ் ஓட்டுப் புரோட்டீன் செஞ்சேன், வெஸ்டர்ன் ப்ளாட்ல (புரோட்டீன் இருக்கான்னு பார்க்கற சோதனை) சூப்பரா பேண்ட் வந்திருக்கு. ஆனா கைடு "இன்னும் வி.எல்.பி. (வைரஸ் போன்ற துகள்) வரலை"ன்னு சொல்றார். ஈஸ்ட்டுக்கு மாறிடவா?
– ஒரு மாணவி, கோயம்புத்தூர்

உங்க கைடு சொல்றது சரிம்மா. பேண்ட் வந்தா புரோட்டீன் வந்திருக்குன்னு அர்த்தம், உருண்டை வந்திருக்குன்னு அர்த்தமில்ல. ப்ளாட்டுக்கு முன்னாடி நீங்களே எஸ்.டி.எஸ்.ங்கற சோப்பு மாதிரி ரசாயனம் போட்டு கொதிக்க வச்சு எல்லாத்தையும் பிரிச்சுடறீங்க. சுக்ரோஸோ சீசியம் குளோரைடோ கிரேடியன்ட்ல (கீழ போகப் போக அடர்த்தி கூடற கரைசல்) அல்ட்ராசென்ட்ரிஃபியூஜ் பண்ணி, அதாவது படு வேகமா சுழல விட்டு, எந்த அடுக்குல உக்காருதுன்னு பார்த்து, அந்த ஃப்ராக்‌ஷனை யுரேனைல் அசிடேட் சாயம் போட்டு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல கண்ணால பாருங்க. அது வரைக்கும் வி.எல்.பி.ன்னு தீசிஸ்ல எழுதாதீங்க.

உருண்டை சேரலைன்னா உடனே செல்லைக் குறை சொல்லாதீங்க, ஜீனோட வரிசையைப் பாருங்க. ஹெச்.பி.வி. கதையிலயே இது நடந்திருக்கு. ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துல இயன் ஃப்ரேசரும் ஜியான் ஷோவும் 1991ல ஹெச்.பி.வி.16 ஓடு சேர்றதைக் காட்டினாங்க, அமெரிக்காவுல டக்ளஸ் லோவி, ஜான் ஷில்லர் குழு பூச்சி செல்லுல எல்1 மட்டுமே போதும்னு 1992ல காட்டினாங்க. ஆனா எல்லாரும் வச்சிருந்த ஹெச்.பி.வி.16 ஜீன்ல உருண்டை ரொம்ப ரொம்ப கம்மியா வந்தது. அந்த ஜீன் ஒரு புற்றுநோய்க் கட்டியில இருந்து எடுத்தது, கட்டியில வைரஸ் ஓடு செய்ய வேண்டிய தேவையே இல்லாததால 202ஆவது இடத்துல ஒரே ஒரு அமினோ அமிலம் மாறி இருந்திருக்கு. புற்றுநோய் ஆகாத புண்ணுல இருந்து எடுத்த ஜீனை வச்சதும் உருண்டை பல நூறு மடங்கு வந்தது. அந்த ஒரு எழுத்து மாறியிருந்ததைக் கவனிக்காம விட்டிருந்தா இன்னிக்கு இந்த ஊசியே வேற கதை ஆகியிருக்கும். ஜியான் ஷோ 1999லயே, 42 வயசுல இறந்துட்டார், 2006ல ஊசி வந்ததைப் பார்க்கல. அதை நினைச்சா எனக்கு இன்னும் மனசு கனக்கும்.

ஈஸ்ட்டா பூச்சியாங்கறதுக்கு, உங்க வைரஸ் எப்படிப்பட்டதுன்னு முதல்ல கேளுங்க. உறை இல்லாத, சர்க்கரைச் சங்கிலி வேண்டாத ஓடுன்னா ஈஸ்ட், ஏன் ஈ.கோலைங்கற பாக்டீரியா கூட போதும், சீனாவுல செசோலின்ங்கற ஹெச்.பி.வி. ஊசியை ஈ.கோலைலயே செய்றாங்க. விலை கம்மி, தொட்டி பெருசா போடலாம். ஆனா ஈஸ்ட்ல செல் சுவரை உடைச்சுத்தான் எடுக்கணும், உடைக்கும்போது ஈஸ்ட்டோட குப்பை எல்லாம் கூட வரும். கார்டசில்ல உருண்டையை ஒரு தடவை ரசாயனத்தால பிரிச்சு திரும்ப சேர விடறாங்க, அப்பதான் ஒரே அளவா, கெட்டியா நிக்குது. கொழுப்பு உறை உள்ள வைரஸ், சர்க்கரை சரியா இருந்தாதான் ஆன்டிபாடி ஒட்டும்னா, பூச்சி செல்லோ சி.ஹெச்.ஓ., ஹெக்293 மாதிரி பாலூட்டி செல்லோதான்.

பூச்சி செல்லுல உறை உள்ள உருண்டை செய்யறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாக்குலோவைரஸும் அதே சவ்வுல இருந்துதான் முளைச்சு வெளிய வரும், கிரேடியன்ட்ல பக்கத்துலயே உக்காரும், பிரிக்கறதுக்குள்ள உயிர் போகும். செல் லைனையும் கண்ணை மூடிக்கிட்டு நம்பாதீங்க, 2014ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வோட விஞ்ஞானிங்க எஸ்.எஃப்.9 செல்லுக்குள்ளயே யாருக்கும் தெரியாம ஒரு ராப்டோவைரஸ் குடியிருந்ததைக் கண்டுபிடிச்சாங்க, இத்தனைக்கும் அது எத்தனையோ வருஷமா உலகம் முழுக்க உபயோகத்துல இருந்த செல். அப்புறம் வைரஸ் ஸ்டாக்கை ரொம்ப தடவை பாஸேஜ் (புதுப்புது செல்லுல திரும்பத் திரும்ப வளர்க்கறது) பண்ணாதீங்க, குறைப்பட்ட வைரஸ் சேர்ந்து உற்பத்தி விழுந்துடும். டைட்டர் (ஸ்டாக்ல வைரஸ் எவ்வளவு இருக்குங்கற அளவு) பார்க்காம "பழக்கத்துல" ஊத்தறது நிறைய லேப்ல நடக்குது, நீங்க அப்படிப் பழகிக்காதீங்க.

எங்கட ஊரில 2006இல சிக்குன்குனியா வந்து, அம்மாவுக்கு மூட்டு நோ மாதக்கணக்கா இருந்தது. அதுக்கும் இப்பிடி ஒரு தடுப்பூசி வந்திருக்கெண்டு சொல்லினம், உண்மையோ?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

உண்மைதான். விம்குன்யான்னு பேர், 2025 பிப்ரவரியில அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் அனுமதி கிடைச்சது, 12 வயசுக்கு மேல போடலாம். மனுஷ சிறுநீரக செல் வம்சமான ஹெக்293ல, சிக்குன்குனியாவோட ஓட்டுக்கும் உறைக்கும் தேவையான ஜீனை மட்டும் கொடுத்து எடுக்கறாங்க. இதுக்கு முன்னாடி வந்த இன்னொரு ஊசி, உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திச் செஞ்சது. அதுல, குறிப்பா வயசானவங்களுக்கு, தீவிரமான பக்கவிளைவு வந்து, 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல அதோட லைசென்ஸை நிறுத்தி வச்சாங்க. மூட்டு வலியில அதிகம் கஷ்டப்படறதே வயசானவங்கதான், அதனால பெருகவே முடியாத ஓடு அவங்களுக்கு எவ்வளவு முக்கியம்னு பாருங்க. அம்மாவுக்கு ஒரு தடவை வந்துட்டதால திரும்ப வர்றது அபூர்வம், கவலைப்படாதீங்க.

மேடம், கிராம சுகாதார செவிலியர் நான். ஹெபடைடிஸ் பி குப்பி ஐஸ் பேக் மேல பட்டு உறைஞ்சு போச்சோன்னு சந்தேகம். உருகினதும் போடலாமா?
– ஒரு செவிலியர், கிருஷ்ணகிரி மாவட்டம்

உறைஞ்சிருந்தா போடாதீங்க சகோதரி. கேட்டதே பெரிய விஷயம். உருண்டைங்க அலுமினிய உப்புத் துகள் மேல ஒட்டிக்கிட்டு இருக்கும், உறைஞ்சா அந்த உப்பு கட்டி கட்டியா சேர்ந்துடும், உருகினாலும் பழைய மாதிரி ஆகாது, ஊசியோட வேகமும் குறையும். அஞ்சு நோய்க்குச் சேர்த்துப் போடற பெண்டாவேலன்ட்டுக்கும் இதேதான், அதுலயும் ஹெபடைடிஸ் பி சேர்ந்திருக்கு, ஹெச்.பி.வி.க்கும் இதேதான். குப்பி கெட்டியா உறைஞ்சதை நீங்களே கண்ணால பார்த்திருந்தா டெஸ்ட்டே வேண்டாம், ஒதுக்கிடுங்க. சந்தேகம் மட்டும்னா குலுக்கிப் பார்க்கற சோதனை செய்யுங்க. அதே கம்பெனி, அதே பேட்ச் குப்பி ஒண்ணை வேணும்னே ராத்திரி முழுக்க உறைய வச்சு உருக்கி, "உறைஞ்சது, போடக்கூடாது"ன்னு எழுதி ஒட்டி, சந்தேகக் குப்பியையும் அதையும் ஒரே கையில சேர்த்துப் பிடிச்சு நல்லா குலுக்கி, பக்கத்துல பக்கத்துல வச்சு அரை மணி நேரம் வரைக்கும் பாருங்க. சந்தேகக் குப்பியில வண்டல், உறைஞ்ச குப்பி அளவு வேகமா அடியில இறங்கினா அதுவும் கெட்டுப் போச்சு. மெதுவா இறங்கினா போடலாம். கேரியர்ல ஐஸ் பேக்கை ஃப்ரீசர்ல இருந்து எடுத்த உடனே வைக்காம, குலுக்கினா உள்ள தண்ணி சத்தம் கேக்கற வரைக்கும் வெளிய வச்சுட்டு அப்புறம் அடுக்குங்க.